பெரிய முழு எண்ணின் பண்புகளைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து, அது பகா எண்ணா, அதற்கு எத்தனை காரணிகள் உள்ளன, அது முழு வர்க்கமா, அதை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்று கேட்டால், இந்தக் கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும் பெரும்பாலானவற்றின் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது அந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து எழுதும் வடிவம். அந்தப் பிரிப்பைச் செய்யாமல் இலக்கங்களின் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதும், பிரித்த பிறகு ஒரு விதியை அதன் நிபந்தனையைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துவதும்தான் இத்துறையில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி. கருவி செய்யும் பிழைகள் தனி வகை. அவற்றைப் பின்னால் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக 1234567890 என்ற எண்ணைக் கட்டுரை நெடுகவும் வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு விளையாட்டாக எழுதிய எண்போல இருந்தாலும், தவறு செய்வதற்கான வாய்ப்புகள் ஏறக்குறைய அனைத்தும் இதில் உண்டு. இதன் பகாக் காரணிப் பிரிப்பு 2 × 3 × 3 × 5 × 3607 × 3803. இந்தப் பிரிப்பை எப்படி அடைவது, அடையும் வழியில் எங்கே சறுக்கும், அடைந்த பிறகு எங்கே சறுக்கும் என்பதே நம் பேச்சு.

வகுபடும் விதிகளும் அவற்றின் நிபந்தனைகளும்

இலக்கங்களின் கூடுதல் 9-ஆல் வகுபட்டால் எண்ணும் 9-ஆல் வகுபடும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். அது ஏன் உண்மை என்பதுதான் பலருக்கு நினைவிருப்பதில்லை. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 100, 1000 என 10-இன் எல்லா அடுக்குகளும் மீதி 1 தருகின்றன. ஆகவே ஓர் எண்ணும் அதன் இலக்கக் கூடுதலும் 9-ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தருகின்றன. காரணத்தை விட்டு விதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள், இலக்கக் கூடுதல் 27 என்றால் எண் 27-ஆல் வகுபடும் என்று நீட்டிவிடுகிறார்கள். 1899-இன் இலக்கக் கூடுதல் 27. ஆனால் அதை 27-ஆல் வகுத்தால் மீதி 9 வருகிறது. 10-ஐ 27-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதில்லை, ஆதலால் விதி அங்கே செல்லாது. ஆனால் 999 என்பது 27 × 37 என்பதால், 1000-ஐ 27-ஆல் வகுத்தாலும் 37-ஆல் வகுத்தாலும் மீதி 1. எனவே எண்ணை வலப்புறத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்டினால் இரண்டு எண்களுக்கும் சரியான சோதனை கிடைக்கிறது. நம் எண்ணுக்கு 890 + 567 + 234 + 1 = 1692; அதை 27-ஆல் வகுத்தால் மீதி 18. ஆகவே 1234567890 ஒன்பதால் வகுபடும், இருபத்தேழால் வகுபடாது. அதிகம் பேசப்படாத இந்தச் சோதனை, பாடப்புத்தக விதிகள் பலவற்றைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

இரண்டு விதிகளை இணைக்கும்போது இன்னொரு பிழை நுழைகிறது. 2-ஆலும் 3-ஆலும் வகுபடும் எண் 6-ஆல் வகுபடும் என்பது சரி. இதைப் பார்த்து 4-ஆலும் 6-ஆலும் வகுபடும் எண் 24-ஆல் வகுபடும் என்று சொல்வது தவறு. நம் எண்ணின் இருமடங்கான 2469135780 நான்காலும் வகுபடுகிறது, ஆறாலும் வகுபடுகிறது. ஆனால் கடைசி மூன்று இலக்கங்களான 780 எட்டால் வகுபடாததால் 24-ஆல் வகுபடாது. 2-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை, அதாவது அவை சார்பகா எண்கள்; 4-க்கும் 6-க்கும் 2 பொதுவாக இருக்கிறது. பொதுக் காரணி இருந்தால் உறுதியாகக் கிடைப்பது மீச்சிறு பொது மடங்கு மட்டுமே, இங்கே அது 12.

11-க்கான சோதனையில் இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்கிறோம். வகுபடுமா என்று மட்டும் பார்ப்பதற்கு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் கேடில்லை. மீதி வேண்டுமென்றால் வலக்கோடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1234567890-இல் இடப்புறத்திலிருந்து தொடங்கினால் 5 வருகிறது; வலப்புறத்திலிருந்து தொடங்கினால் −5, அதாவது மீதி 6. பின்னதே சரி, ஏனெனில் 11 × 112233444 = 1234567884. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது குறி மாறிவிடுகிறது, ஒற்றைப்படையாக இருந்தால் மாறுவதில்லை. சிறிய எண்களில் சில முறை சரியாக வந்துவிடுவதால் பிழை கண்ணில் படாமலே பழக்கமாகிவிடுகிறது.

7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே முயற்சியில் சோதிக்க 1001 உதவுகிறது, ஏனெனில் 7 × 11 × 13 = 1001. மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாறி மாறிக் கூட்டிக் கழித்தால், 890 − 567 + 234 − 1 = 556. இந்த 556-ஐ 7, 11, 13 ஆல் வகுத்தால் வரும் மீதிகள் 3, 6, 10. மூல எண்ணுக்கும் அவையே மீதிகள். இங்கே நம்மைப் போன்றவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, காற்புள்ளியின் இடம். கோடி, லட்சம் என்ற முறையில் 1,23,45,67,890 என்று எழுதிவிட்டுக் காற்புள்ளிக்கு இடையே உள்ளவற்றையே தொகுதிகளாக எடுத்தால் 890 − 67 + 45 − 23 + 1 = 846 வருகிறது; 7-க்கு அது தரும் மீதி 6, உண்மையான மீதியோ 3. சோதனை தொடங்கும் முன் காற்புள்ளிகளை நீக்கிவிட்டு வலப்புறத்திலிருந்து புதிதாகப் பிரிப்பது பாதுகாப்பானது.

எங்கே நிறுத்துவது

பகா எண்ணா என்று சோதிக்க வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது விதி. இதில் மூன்று விதமாகத் தவறு நேர்கிறது.

முதலாவது, பாதியில் கைவிடுவது. 1234567890-இலிருந்து 2, 3, 3, 5 ஆகியவற்றை எளிதில் பிரித்தெடுத்துவிடலாம். எஞ்சுவது 13717421. இதை 7-ஆல் வகுக்கிறோம், இல்லை. 11, 13, 17 என்று தொடர்கிறோம், இல்லை. நூறு வரை போயும் இல்லை, ஆயிரம் வரை போயும் இல்லை. இந்தக் கட்டத்தில் இது பகா எண்தான் என்று எழுதிவிடும் ஆசை எழுவது இயல்பு; அது தவறு. இந்த எண்ணின் வர்க்கமூலம் 3703-க்கும் 3704-க்கும் இடையில் இருக்கிறது; அதன் முதல் காரணி 3607. அதாவது தேவையான தூரத்தில் ஏறக்குறைய முழுவதையும் கடந்த பிறகுதான் விடை தென்படுகிறது. 3607 என்பது 2-இலிருந்து எண்ணினால் 504-ஆவது பகா எண். ஆயிரத்தோடு நிறுத்தியவர் 168 பகா எண்களைச் சோதித்துவிட்டு மீதி முந்நூற்றுச் சொச்சத்தை விட்டுவிட்டார், விடையும் போய்விட்டது.

இரண்டாவது, தேவைக்கு மேல் போவது. மூல எண்ணின் வர்க்கமூலம் 35136-ஐச் சற்றுத் தாண்டுகிறது. சிறிய காரணிகளைப் பிரித்தெடுத்த பின்னும் அந்தப் பழைய எல்லையையே பிடித்துக்கொண்டு வகுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒரு காரணி கிடைத்தவுடன் எஞ்சிய எண்ணின் வர்க்கமூலமே புதிய எல்லை. மூன்றாவது, விதியையே தலைகீழாகப் புரிந்துகொள்வது: வர்க்கமூலத்தைவிடப் பெரிய பகாக் காரணி இருக்கவே முடியாது என்று நினைப்பது. அப்படி ஒன்று இருக்கலாம். இரண்டு இருக்க முடியாது, அவ்வளவுதான். 13717421-இன் வர்க்கமூலத்தைவிட 3803 பெரியது. எல்லை வரை வகுத்து முடித்த பிறகு கையில் எஞ்சும் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவோர் இப்படித்தான் கடைசிக் காரணியை இழக்கிறார்கள்.

இதே 13717421-ஐ ஒரே முறையை நம்பி ஐந்நூறு முறை வகுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பியர் தி ஃபெர்மா காட்டிய வழி ஒன்று இருக்கிறது: வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் நம் எண்ணைக் கழித்து, எஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்ப்பது. 3704-இன் வர்க்கம் 13719616; கழித்தால் 2195, முழு வர்க்கம் அல்ல. 3705-இன் வர்க்கம் 13727025. கழித்தால் 9604, அது 98-இன் வர்க்கம். ஆக நம் எண் 3705-இன் வர்க்கத்திலிருந்து 98-இன் வர்க்கத்தைக் கழித்தது; எனவே அது 3705 − 98, 3705 + 98 ஆகிய இரண்டின் பெருக்கற்பலன், அதாவது 3607 × 3803. இரண்டே படிகளில் முடிந்துவிட்டது. இரு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்ததால்தான் இது இவ்வளவு விரைவாக நடந்தது. தொலைவில் இருந்தால் இந்த வழி சாதாரண வகுத்தலைவிட மெதுவாகிவிடும். ஆகவே, வகுத்தல் நெடுந்தூரம் போயும் பயன் தராதபோது இதைச் சில படிகள் முயன்று பார்ப்பது நல்லது, இதை மட்டுமே நம்புவது நல்லதல்ல.

இந்த வழிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 4-ஆல் வகுத்தால் மீதி 2 தரும் எந்த எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியாது, ஏனெனில் ஒரு வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே. அவற்றின் வித்தியாசத்தில் 2 வர வழியில்லை. 1234567890 அத்தகைய எண். 2-ஐப் பிரித்தெடுக்காமல் ஃபெர்மாவின் வழியில் இறங்கினால் கணக்கு ஒருபோதும் முடியாது. கணினி நிரல் எழுதுவோர் இதனால் நிரல் ஏன் நிற்கவில்லை என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

வரிசையின் அழகை நம்புவது

பெரிய எண்களில் ஒழுங்கு தென்பட்டால் அது தொடரும் என்று மனம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறது. 31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331 ஆகிய ஏழும் பகா எண்கள். அடுத்ததும் பகா எண் என்று சொல்லத் தோன்றும்; ஆனால் 333333331 = 17 × 19607843. அதேபோல, ஒன்பது ஒன்றுகளைக் கொண்ட 111111111-இன் வர்க்கம் 12345678987654321 என்பதைக் கண்டவர்கள், பத்து ஒன்றுகளுக்கும் இந்த ஏற்ற இறக்கம் தொடரும் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது 1234567900987654321. நடுவில் 10 வந்து அடுத்த இடத்துக்கு ஏறியதில் ஒழுங்கு உடைந்துவிட்டது.

பகா எண்கள் முடிவற்றவை என்பதற்கான யூக்ளிடின் நிறுவலைத் தவறாக நினைவில் வைத்திருப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் வருவது பகா எண் என்று அந்த நிறுவல் சொல்லவில்லை. பட்டியலில் இல்லாத பகாக் காரணி ஒன்று அதற்கு இருக்கும் என்றுதான் சொல்கிறது. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031, அது 59 × 509.

இந்தத் தவற்றிலிருந்து பெரிய கணிதவியலாளர்களும் தப்பவில்லை. 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் கிடைக்கும் 4294967297-ஐப் பகா எண் என்று ஃபெர்மா கருதினார், ஏனெனில் அதே வரிசையில் முந்தையவையான 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில், 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த எண் பகா எண்ணாக இடம்பெற்றது. 1876-இல் லூக்கா அது பகு எண் என்று நிறுவினார், ஆனால் காரணி ஒன்றையும் காட்டவில்லை. 1903-இல்தான் பிராங்க் நெல்சன் கோல் அதை 193707721 × 761838257287 என்று பிரித்தார். இடைப்பட்ட அந்த 27 ஆண்டுகள் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகின்றன: ஓர் எண் பகு எண் என்று அறிவது ஒன்று, அதன் காரணிகளை அறிவது வேறொன்று. காரணி கிடைக்கவில்லை என்பதற்காகப் பகா எண் என்று முடிவெடுப்பதும், பகு எண் என்று ஒரு சோதனை சொன்னால் காரணியைக் காட்டச் சொல்லி அதை மறுப்பதும் ஒரே குழப்பத்தின் இரு பக்கங்கள்.

லூக்காவைப்போலக் காரணி தேடாமலே சோதிக்கும் வழிகளில் எளியது, ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை ஒட்டியது. ஓர் எண் 2-ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். இங்கே செய்யும் தவறு, மீதி 1 வந்தால் பகா எண் என்று திருப்பிப் படிப்பது. 341-க்கு மீதி 1 வருகிறது, ஆனால் 341 = 11 × 31. 2-க்குப் பதில் 3-ஐ எடுத்தால் 341 மாட்டிக்கொள்ளும். 561 அவ்வளவு எளிதில் மாட்டாது. 3 × 11 × 17 ஆன 561, தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை (அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை) எடுத்தாலும் பகா எண்போலவே நடந்துகொள்கிறது. இத்தகைய எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். இராமானுஜன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729-உம் அவற்றுள் ஒன்று, அது 7 × 13 × 19. அவை முடிவற்றவை என்று 1994-இல் நிறுவப்பட்டது. எனவே நடைமுறையில் மில்லர், ராபின் ஆகியோர் பெயரால் வழங்கும் கூர்மையான சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்கள் போதும் என்று யாரோ சொன்னதை எல்லையில்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. 3215031751-க்குக் குறைவான எண்களுக்கு அந்த நான்கும் பிழையின்றி விடை தரும். அந்த எண்ணிலேயே ஏமாந்துவிடும், அது 151 × 751 × 28351.

காரணிகளை எண்ணுவதும் கூட்டுவதும்

பிரிப்பு கையில் கிடைத்த பிறகு வேலை எளிது என்று நினைக்கும் இடத்தில்தான் கவனம் தளர்கிறது. 1234567890-க்கு எத்தனை காரணிகள் என்ற கேள்விக்கு 5, 6, 48, 47, 46 என்று ஐந்து விடைகளும் சொல்லப்படலாம், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கேள்விக்குச் சரியான விடைதான். வெவ்வேறு பகாக் காரணிகள் 5. திரும்ப வரும் 3-ஐயும் சேர்த்தால் 6. மொத்தக் காரணிகள் 48. தன்னை நீக்கினால் 47. 1-ஐயும் நீக்கினால் 46. எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறோம் என்பதை முதலில் எழுதிக்கொள்வது அலுப்பான வேலைதான், ஆனாலும் இருவரின் விடைகள் முரண்படும்போது பெரும்பாலும் கணக்கு தவறியிருப்பதில்லை, கேள்விகள்தான் வேறாக இருக்கின்றன.

48 எப்படி வந்தது என்றால், ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குகிறோம்: 2 × 3 × 2 × 2 × 2. 1 கூட்டுவதை மறந்தால் 1 × 2 × 1 × 1 × 1 = 2 என்ற பொருந்தாத விடை வரும், அது உடனே தெரிந்துவிடும். பெருக்க வேண்டியதைக் கூட்டிவிட்டால் 11 வரும். அது அவ்வளவு எளிதில் உறுத்தாது. ஒரு சிறு சோதனை உண்டு: முழு வர்க்கங்களுக்கு மட்டுமே காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும். நம் எண் ஒரே ஒரு பூச்சியத்தில் முடிவதால் முழு வர்க்கமாக இருக்க முடியாது. ஆகவே 11 என்ற விடை வந்ததுமே ஏதோ பிழை என்று அறியலாம்.

காரணிகளின் கூடுதலில் நேரும் பிழை இன்னும் நுட்பமானது. சார்பகா எண்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் காரணிக் கூடுதலையும் பெருக்கிக்கொள்ளலாம் என்பது விதி. 3 இரண்டு முறை வருவதால் 3-க்குரிய கூடுதலான 4-ஐ இரண்டு முறை பெருக்கி 16 என்று போடுகிறார்கள். 3-உம் 3-உம் சார்பகா எண்கள் அல்லவே; 9-ஐ ஒன்றாக எடுத்து 1 + 3 + 9 = 13 என்றுதான் போட வேண்டும். சரியான கணக்கு 3 × 13 × 6 × 3608 × 3804 = 3211610688. 13-க்குப் பதில் 16 போட்டால் 3952751616 வருகிறது. இரண்டும் பத்து இலக்க எண்கள், பார்வைக்கு எது சரி என்று சொல்லவே முடியாது. தனக்குக் குறைவான, தன்னோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று சொல்லும் ஆய்லரின் சார்பிலும் இதே இடத்தில் இதே பிழை: 9-க்கு 6 என்று எடுக்க வேண்டும், 2 × 2 = 4 என்று எடுக்கக் கூடாது. சரியான விடை 1 × 6 × 4 × 3606 × 3802 = 329040288.

ஓர் எண் நிறைவெண்ணா, மிகை எண்ணா, குறை எண்ணா என்று தீர்மானிக்க, தன்னை நீக்கிய காரணிகளின் கூடுதலை எண்ணோடு ஒப்பிட வேண்டும்: சமமானால் நிறைவெண், பெரிதானால் மிகை எண், சிறிதானால் குறை எண். முழுக் கூடுதலை ஒப்பிட்டால் 1-ஐவிடப் பெரிய எல்லா எண்களுமே மிகை எண்களாகிவிடும். நம் எண்ணுக்கு 3211610688 − 1234567890 = 1977042798, அது எண்ணைவிடப் பெரியது, எனவே மிகை எண். உண்மையில் இந்த விடைக்கு இவ்வளவு கணக்கே தேவையில்லை. 6 ஒரு நிறைவெண். நிறைவெண்ணின் மடங்குகளில் அதைவிடப் பெரியவை அனைத்தும் மிகை எண்கள். இரட்டைப்படையாகவும் இலக்கக் கூடுதல் 45 ஆகவும் இருப்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டிருக்கலாம். தேவையில்லாத இடத்தில் முழுக் காரணிப் பிரிப்பையும் செய்வதைத் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் பிழைக்கு வாய்ப்பைக் கூட்டும் பழக்கம் அது.

வர்க்கங்கள்

கடைசி இலக்கம் 2, 3, 7, 8 ஆக இருந்தால் முழு வர்க்கம் அல்ல. இதைத் திருப்பி, மற்ற இலக்கங்களில் முடிந்தால் முழு வர்க்கம் என்று கொள்வது அடிக்கடி காணும் தவறு. 123456789 ஒன்பதில் முடிகிறது. இலக்கங்களைத் தொடர்ந்து கூட்டினாலும் 9 வருகிறது, அதுவும் வர்க்கங்களுக்கு அனுமதிக்கப்பட்டதே. இரண்டு சோதனைகளிலும் தேறியும் அது முழு வர்க்கம் அல்ல, ஏனெனில் 11111-இன் வர்க்கம் 123454321, 11112-இன் வர்க்கம் 123476544. இடையில் வேறு வர்க்கம் இல்லை. இத்தகைய சோதனைகள் விலக்க மட்டுமே பயன்படும், உறுதிப்படுத்தப் பயன்படாது.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்ற கேள்வியிலும் இதே கதை. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் எண்ணை அப்படி எழுத முடியாது. நம் எண் மீதி 2 தருகிறது, ஆகவே எழுத முடியும் என்று சொல்வது அவசரம். 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படை அடுக்கில் வந்தால்தான் எழுத முடியும் என்பது முழு விதி. 3-இன் அடுக்கு 2, அதில் தடையில்லை. ஆனால் 3607, 3803 இரண்டும் மீதி 3 தருபவை, ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வருகின்றன. எனவே 1234567890-ஐ இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதவே முடியாது.

கருவி மறைக்கும் இலக்கங்கள்

பெரிய எண்களைக் கணினியில் கையாளும்போது, கணக்கு சரியாக இருந்தும் விடை தவறும். விரிதாள்களும் பல நிரல் மொழிகளும் எண்களை வைத்திருக்கும் வழக்கமான முறையில், 2-இன் 53-ஆம் அடுக்கான 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களும் பிசகின்றி நிற்கும். அதற்கு மேல் ஒன்றுவிட்டு ஒன்றுதான் இடம்பெறும், இன்னும் மேலே போனால் இடைவெளி இன்னும் அகலும். 123456789-இன் வர்க்கம் 15241578750190521. இதை அத்தகைய நிரல் மொழியில் கணக்கிட்டால் 15241578750190520 என்று வருகிறது. 15 இலக்கங்களை மட்டும் காக்கும் விரிதாளில் 15241578750190500 ஆகிவிடுகிறது. ஒற்றைப்படை எண் இரட்டைப்படை ஆயிற்று. 10-ஆல் வகுபடாத எண் வகுபடத் தொடங்கிற்று. இதன்மேல் எந்த வகுபடும் சோதனையைச் செய்தாலும் அது நம் எண்ணைப் பற்றிய சோதனையே அல்ல. இலக்கக் கூடுதல் இங்கே உதவுகிறது: ஒன்பதின் மடங்கின் வர்க்கம் ஒன்பதால் வகுபட வேண்டும், உண்மையான எண்ணின் இலக்கக் கூடுதல் 63, மற்ற இரண்டின் கூடுதல்கள் 62, 60.

32 இரும இலக்கங்களில் குறியோடு எண்ணை வைக்கும் இடங்களில் உச்சவரம்பு 2147483647. 1234567890 அதில் அடங்கும். அதன் இருமடங்கு அடங்காது, பெரும்பாலான கணினிகளில் −1825831516 என்று சுற்றிக்கொண்டு வரும். எண் அடங்குகிறது என்பதால் அதை வைத்துச் செய்யும் இடைக்கணக்குகளும் அடங்கும் என்று எண்ணக் கூடாது. இலக்க எண்ணிக்கைக்கு வரம்பில்லாத முழு எண் வகை உள்ள மொழியைப் பயன்படுத்துவதே இதற்கு நேரான தீர்வு.

இலக்கங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது தோராயம் இன்னொரு வகையில் கெடுக்கிறது. 1234567890-ஐ 100-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் எத்தனை இலக்கங்கள்? பத்து இலக்க எண் என்பதால் ஆயிரம் என்று சொல்வது தவறு. 10-ஐ அடிமானமாகக் கொண்ட அதன் மடக்கை 9.0915, நூறால் பெருக்கினால் 909.15, முழுப்பகுதியோடு 1 கூட்டினால் 910 இலக்கங்கள். மடக்கையை 9.1 என்று சுருக்கிக்கொண்டவருக்கு 911 கிடைக்கும், 9 என்று சுருக்கியவருக்கு 901. சுருக்குவதைப் பெருக்கிய பிறகுதான் செய்ய வேண்டும்.

சரிபார்க்கும்போது

கிடைத்த காரணிகளைத் திரும்பப் பெருக்கி மூல எண் வருகிறதா என்று பார்ப்பது அடிப்படைச் சரிபார்ப்பு. அதோடு, காரணிகள் ஒவ்வொன்றும் பகா எண்தானா என்றும் பார்க்க வேண்டும். பெருக்கற்பலன் சரியாக வருவதனாலேயே பிரிப்பு முடிந்துவிட்டதாகாது. 3607-க்கும் 3803-க்கும் 61 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும்.

பெரிய பெருக்கலைக் கையால் செய்பவர்கள் ஒன்பதின் மீதியை மட்டும் வைத்துச் சரிபார்ப்பதுண்டு. எழுதும்போது இலக்கங்கள் இடம் மாறினால் அந்தச் சோதனைக்குத் தெரியாது, ஏனெனில் கூடுதல் மாறுவதில்லை. பதினொன்றின் மீதி, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதைப் பிடித்துவிடும். நடுவில் ஒன்றை விட்டு இடம் மாறினால் அதுவும் பிடிக்காது. 13717421 என்று எழுத வேண்டியதை 13712471 என்று எழுதினால் வித்தியாசம் 4950, அது 99-இன் மடங்கு. ஒன்பதும் பதினொன்றும் இரண்டுமே ஏமாறுகின்றன. மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து ஏழின் மீதியையும் பார்த்தால், 3607-உம் 3803-உம் ஏழால் வகுக்க மீதி 2 தருவதால் பெருக்கற்பலன் மீதி 4 தர வேண்டும். சரியான எண் 4 தருகிறது, இடம் மாறிய எண் 3 தருகிறது.